தகட்டில் ஏறிய நண்டு

பெண்டாட்டி நாகம்மாளின் மானத்தைக் கப்பலேற்றியே தீருவது என்று தாமோதரன் முடிவு கட்டினான். பழவேற்காட்டில் கப்பலுக்கா பஞ்சம்? ஒல்லாந்தர் கோட்டைத் துரை வாங்கும் படமெல்லாம் நேரே கடல் தாண்டித்தான் போகும்.

துரைக்குப் பிடித்தது கனவில் வருகிற மாதிரிப் படங்கள். மீனுக்குக் கால் இருக்கும், மனிதனுக்குச் செதில் இருக்கும். செப்புத்தகட்டில் மெழுகு தடவி, அதன்மேல் ஊசியால் கீறி, காடியில் ஊறவைத்து, காடி அரித்த கோடுகளில் மை அப்பி, மிச்ச மையை உள்ளங்கை கறுக்கத் துடைத்து, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுப்பவன் தாமோதரன். சாயம் பூசுவது மட்டும்தான் அவன் பெண்டாட்டி. அப்படியிருக்க, போன வாரம் துரை என்ன சொன்னார்? சாயம்தான் படமாம். தாமோதரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்து ஒரு நண்டைக் கீறினான். ஒவ்வொரு காலிலும் ஒரு துடைப்பம். முகம் மட்டும் அச்சு அசல் நாகம்மாள், மூக்குத்தி உட்பட.

"இன்னாய்யா இது?" என்றாள் அவள், அச்சிட்ட காகிதத்தைப் பார்த்து.

"நண்டு."

"மூஞ்சி எங்கியோ பாத்த மாரி கீது."

"ஏரியில பாத்திருப்பே. சாயம் பூசிக் குடு, துரை கேக்குறாரு."

அழுவாள், கிழித்துப் போடுவாள் என்று காத்திருந்தான். அவள் மஞ்சளையும் அவுரியையும் நிதானமாகக் குழைத்தாள். அந்த நிதானம் அவன் எரிச்சலை இன்னும் கிளறியது. காலையில் அவள் துணியில் சுற்றித் தந்த கட்டைப் பிரிக்காமலே கோட்டைக்குக் கொண்டுபோனான்.

மத்தியானம் திரும்பியவன் கதவை எட்டி உதைத்தான்.

"இன்னாடி பண்ணி வெச்சே? துரை படத்தப் பாக்குறான், என்னப் பாக்குறான். மறுபடி படத்தப் பாக்குறான். கோட்டையே கூடி நின்னு சிரிக்குது."

அவள் நண்டுக்குக் கரியால் மீசை வைத்திருந்தாள். கொண்டையைச் சிவப்புத் தலைப்பாகை ஆக்கியிருந்தாள். மூக்குத்தியின்மேல் கறுப்பை அப்பி, தாமோதரன் மூக்கிலிருக்கும் மருவாகவே மாற்றிவிட்டிருந்தாள்.

"நண்டு நீ கீறுனது. நான் சாயம்தான்யா பூசுனேன்."

"அந்த ஆளு இதே மூஞ்சியில இன்னும் கேக்குறான்டி. எல்லாத்துலயும் கோவமா இருக்கணுமாம். இல்லாங்காட்டி வேலைக்கே வராதேன்னுட்டான்." கையை ஓங்கிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான்.

நாகம்மாள் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பிடியே நில்லு. வாய மூடாதே."