முழங்காலுக்கு இடம்விடாத டிரெய்லர்கள்

கர்த்தருக்குள் அன்பான கொழுந்தனார் டெல்மர் தம்பிக்கு, நப்பனீயிலிருந்து உங்கள் அண்ணி ஆர்டித் எழுதிக்கொள்வது.

போன சனிக்கிழமை டிரெய்லர் விற்கும் மைதானத்தில் இருந்தவர்கள்: நான், உங்கள் அண்ணன் லவர்ன், டார்ச்சும் ரசமட்டமும் சகிதம், அடுத்த வீட்டு வில்மா, காரில் ஒரு இருக்கை காலியாக இருந்ததால், ட்ரென்ட் என்ற விற்பனைக்காரப் பையன், அப்புறம் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தம்பதி, அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை, ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். வேறு யாரும் இல்லை. வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே நாங்கள் சுகம். கான்ஸாஸில் மகள் வீட்டில் நீங்களும், பேரப்பிள்ளைகளும், உங்கள் முதுகும் சுகமாயிருக்கக் காலைதோறும் விண்ணப்பம் பண்ணுகிறேன். “எல்லா வண்டியையும் பாருங்க, எது கெட்டி எது பொத்தல்னு ஒண்ணு விடாம எழுதுங்க, அப்புறம் நான் சொல்றேன்” என்று போகும்போது சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். நவம்பர் பிறந்தால் இந்த வீடு எங்கள் மகன் லைலுக்கும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற ஜோலீனுக்கும். அந்தப் பெண்ணின் திரைச்சீலைகள் வந்து கூடத்தில் இருக்கின்றன. நான் அவற்றைச் சுற்றி நடந்து பழகிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சபையாரோடு லூசியானாவுக்குப் போய், புயலில் போன வீடுகளைக் கட்டிக்கொடுக்கக் குளிர்காலம் முழுக்க அங்கே தங்குவதாகப் போதகரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. மற்றவர்களுக்கு வீடு கட்டப் போகிற எங்களுக்குப் படுக்க வீடில்லை. அதனால்தான் குடியிருக்க இந்த ஐந்தாம் சக்கர டிரெய்லர், முன்பக்கம் நம் பிக்கப் லாரியின் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுமே, அந்த ஜாதி.

முதல் வண்டிக்கு வெளியே பெரிய கழுகுப் படம். உள்ளே நெருப்பில்லாத நெருப்படுப்பு, சுவிட்சைப் போட்டால் எரிகிற மாதிரி காட்டும். உங்கள் அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்தார், இழுப்பறையை இழுத்துப் பார்த்தார், இழுப்பறையின் முகம் மட்டும் கையோடு வந்தது, அதைப் பையனிடம் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தட்டப் போனார். நான் மூன்று படி ஏறிப் படுக்கையறைக்குப் போனேன். தம்பி, நமக்கு இராத்திரி முழங்கால் போட்டு ஜெபிக்காமல் படுத்துப் பழக்கமில்லை. அந்த அறையில் கட்டில் சுவருக்குச் சுவர் நிற்கிறது. பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்கலாம், முட்டி மடக்க முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய காரியத்தில் கர்த்தரைக் கேட்காமல் இறங்கக்கூடாதே என்று, படியிலே ஒரு முட்டி, தரையிலே ஒரு முட்டியாக எப்படியோ மண்டியிட்டேன். கண்ணை மூடுவதற்கு முன்னால் கட்டிலின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. மரத்தூள் ஒரு கைப்பிடி. எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கிற ஸ்டேபிள் பின்கள். யாரோ பாதி தின்று வைத்த சாண்ட்விச், காகிதத்தோடு. உங்கள் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, “சாப்பிட்டுக்கிட்டே கட்டியிருக்கான். சாண்ட்விச்சத்தான் ஒழுங்கா மடிச்சு வெச்சிருக்கான்” என்றார். ட்ரென்ட் தலையை மட்டும் நீட்டி, “அம்மா, யாரும் அங்க பார்க்கறதே இல்லம்மா” என்றான். கர்த்தர் பார்க்கிறார் என்றேன்.

இரண்டாவது வண்டியில் பட்டனை அழுத்தினால் சுவர் சோபாவோடு வெளியே தள்ளிக்கொண்டு கூடம் பெரிதாகும். வில்மா நேரே போய் அந்தச் சோபாவில் உட்கார்ந்து தான் சுட்டுக் கொண்டுவந்த ‘சர்க்கரைக் கிரீம் பை’ பலகாரத்தைத் திறந்துகொண்டாள். சுவர் ஓரத்து ரப்பர் காற்றைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுக்க வேண்டும், இறுக்கமாயிருந்தால் நோட்டு வராது என்று உங்கள் அண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் பர்ஸைத் திறக்க மனமில்லாமல் வில்மாவிடம் நோட்டு வாங்கினார். செருகினார். நோட்டு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் இல்லை, இடுக்குக்குள் விழுந்து போயே போய்விட்டது. சுவரை உள்ளே இழுத்தால் எடுத்துவிடலாம் என்று ட்ரென்ட் பட்டனை அழுத்த, சுவர் ஒரு மூலையில் வேகமாகவும் ஒரு மூலையில் யோசித்துக்கொண்டும் வந்தது. வில்மா சோபாவோடு மெதுவாக நகர்ந்து வந்து, முட்டி சமையல் மேடையில் இடித்ததும் கோணலாக நின்றாள். பட்டன் அதற்கு மேல் எந்தப் பக்கமும் வேலை செய்யவில்லை.

“ஏண்டி வில்மா, காலை எடுக்க முடியுதா?” என்றேன்.

“காலுக்கென்ன அவசரம். ஃபோர்க் அந்த டப்பாவுல இருக்கு, எடுத்துக் குடு” என்றாள்.

“லவர்ன் அண்ணே, என் டாலர் என்னாச்சு?” என்று அதற்கப்புறம்தான் கேட்டாள். பணிமனையிலிருந்து ஆட்கள் வந்து சுவரைத் தோளால் தள்ளி அவளை விடுவித்தார்கள். அந்த ஒரு டாலரைச் செலவுக் கணக்கில் ‘டிரெய்லர் சோதனை, வில்மாவுக்குத் தரவேண்டியது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் இன்னும் தரவில்லை.

மூன்றாவது வண்டிதான் அங்கே விலை உயர்ந்தது. அதில் எல்லாமே தேக்கு மாதிரி இருந்தது, நகத்தால் கீறினால் காகிதம். உங்கள் அண்ணன் உள்ளே போவதற்கு முன்னால் கதவோரத்துச் சீட்டில் எந்த மாதம் செய்தது என்று பார்த்தார். “நவம்பர். மான் வேட்டை தொடங்கற மாசம், கட்டறவன் மனசு காட்டுலதான் இருக்கும். வேற ஒண்ணும் பார்க்க வேணாம், வா போகலாம்” என்றார். “ஐயா, எங்க ஆளுங்க வேட்டைக்கெல்லாம் போறதில்லைங்க” என்றான் ட்ரென்ட். “நீ எந்த ஊருப்பா?” என்றார். பையன் புளோரிடாவாம். பாவம், நம் ஊர் வழக்கம் தெரியாமல் சொல்லியிருக்கிறான் என்று அவனுக்காக உள்ளே போனோம்.

அங்கே கட்டிலைச் சுற்றி வர இடம் இருந்தது. சந்தோஷப்பட்டு மண்டியிட்டேன், நெற்றி துணி அலமாரியில் இடித்தது, தலைத்துணி கதவுப்பிடியில் மாட்டிக்கொண்டது, சரி, வந்ததற்கு ஜெபித்துவிட்டே போகலாம் என்று அப்படியே இருந்தேன். அந்நேரம்தான் ஒஹாயோ தம்பதி ஏறி வந்தார்கள். வண்டியைச் சோதிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தம்மாள் எதிர்ப்பக்கம் முழங்கால் போட்டாள். அவள் புருஷன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கால்மாட்டில் மண்டியிட்டான். நான் ஆமென் சொல்வதற்குள் அந்தம்மாள், “ஏங்க, இங்க காத்து வருது” என்றாள். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அவள் கை வெளியே போயிற்று. மைதானத்தில் நின்ற வில்மா அந்தக் கையைப் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறாள். தம்பதி அந்த வண்டிக்கே முன்பணம் கட்ட வந்தவர்களாம். எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டு ஒஹாயோவுக்கே போய்விட்டார்கள்.

ட்ரென்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, உங்க விசுவாசத்தை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தயவு செஞ்சு ஜெபத்தை மட்டும் வண்டிக்கு வெளியில வெச்சுக்குங்கம்மா” என்றான். அவனுக்காகவும் அங்கேயே நின்றபடி ஒரு வார்த்தை ஜெபித்தேன். கூடவே ஆமென் சொன்னான்.

திரும்பும்போது காரில் உங்கள் அண்ணன், “டெல்மர் வீட்டுக் களத்துல நிக்குதே, அதுதான் வண்டி” என்றார். அதுவே என் மனதிலும் இருந்தது தம்பி. அதை நீங்கள் டிரெய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில் சட்டம் முதல் கூரை வரை உங்கள் கையாலேயே முடுக்கியது. அதற்குள் பசுவை நிறுத்தலாம், அவ்வளவு கெட்டி என்று சபையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக முழங்கால் போட இடமிருப்பதாகவும் எனக்கு ஞாபகம். நீங்கள் இனி அதை எடுத்துக்கொண்டு எங்கும் போகப் போவதில்லை. ஆகவே அதை எங்களுக்கு விற்க வேண்டும். நேரில் பார்க்கவும் தேவையில்லை; நீங்கள் கட்டியது என்ற ஒன்றே போதும்.

உங்களையும் உங்கள் மகளையும் மருமகனையும் பிள்ளைகளையும் கர்த்தர் தம் செட்டையின் கீழ் காப்பாராக. ரொட்டியில் தடவ ஆப்பிளைக் கூழாக்கி ஆப்பிள் வெண்ணெய் காய்ச்சியிருக்கிறேன், உங்களுக்கு நான்கு ஜாடி எடுத்து வைத்தாயிற்று.

இப்படிக்கு,
அன்பு அண்ணி
ஆர்டித்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி மூடினேன். தபால் எடுக்க ஆள் வருவதற்குள் மறுபடி பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேரில் பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தாலும், இன்று காலை உங்கள் வீட்டுப் பக்கம் போகிற வேலை இருந்தது. சாவி பழைய பெயின்ட் டப்பாவுக்கு அடியிலேயே இருந்தது. நானும் உங்கள் அண்ணனும் வில்மாவும் மட்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இடம் கிடையாது. நான் ஞாபகம் வைத்திருந்தது, நீங்கள் கட்டிலைக் கழற்றி உருளைக்கிழங்கு ஏற்றியிருந்த சமயம். ஆனாலும் உங்கள் வண்டி கிடைக்கப்போகிறதே என்று ஸ்தோத்திரம் சொல்ல ஒருக்களித்து மண்டியிட்டேன். தரை விட்டுக்கொடுத்தது. இரண்டு முழங்காலும் கீழே இருக்கிற சாமான் அறைக்குள் இறங்கிவிட்டன. முன்மூலையில் கூரை ஒழுகி, ஒழுகி, பிளைவுட் ரொட்டி மாதிரி ஊறியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருநாள் அந்த இடத்தில் முழங்கால் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் வெளியே போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தார். அங்கே என் முழங்கால்கள் தொங்குவதை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இப்ப இடம் போதுமாடி?” என்றார்.

போதும் தம்பி. அதுதான் எழுத வேண்டியது. கால் கீழே இறங்கியதும் முழங்கை மெத்தை மேல் கணக்காக உட்கார்ந்தது. வில்மா என்னை மேலே இழுக்கிறதற்குள் ஜெபத்தை முடித்துவிட்டேன். அண்ணன் கீழேயே படுத்து உங்கள் வெல்டிங் எல்லாவற்றையும் சுத்தியால் தட்டிப் பார்த்தார். “தம்பி போட்ட இரும்பு ஒண்ணுகூட அசையல. தரையத்தான் மாத்தணும். இந்தக் குழியை மூட வேணாம், சுத்தி நல்ல சட்டம் அடிச்சு, அடியில பலகை போட்டுடறேன், ரெண்டு பேரும் இறங்கி முட்டி போடலாம்” என்றார். கூரையையும் அவரே பார்த்துக்கொள்வார்.

வண்டியில் பசுவை நிறுத்தலாம் என்று இனிமேல் சபையில் சொல்ல வேண்டாம். தரை விட்டுப்போன கதையை வில்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜோலீன் நேற்றே வந்து ஜன்னல்களை அளந்துவிட்டுப் போனாள். விற்பீர்களா மாட்டீர்களா, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.