நாலு மணி வரைக்கும்தான்

என் சகலை வீட்டு வாசற்படியை இந்த ஜன்மத்தில் மிதிப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். பாஸ்போர்ட்டில் அவர் இருக்கும் நாட்டு விசா குத்தியாகிவிட்டது. மனைவி தன் அக்காவுக்கென்று ஆறு புடவை வாங்கிப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த தீர்மானம் இது. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இல்லை.

அப்போது நாங்கள் வெளிநாட்டில், மகன் வீட்டில், ஆறாவது மாடியில் இருந்தோம். மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்து மனைவியின் அக்கா இருக்கும் நாட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. கையில் இருந்ததோ நேரே வீட்டுக்குப் போகும் டிக்கெட். நடுவில் அக்கா ஊரைச் செருக வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல பார்த்து மாத்தித் தரட்டுமாப்பா?" என்றான் மகன்.

"நீ உன் வேலையைப் பாரு. டிக்கெட் என் டிபார்ட்மெண்ட்" என்றேன்.

ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம், கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். டிக்கெட் எப்படிக் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். எப்படிக் கிடைக்காது என்பது உள்ளே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

சகலைமேல் அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். மகன் கல்யாணத்தில், நூறு பேர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், அந்த மனுஷர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார்: "நம்ம சகலை ஊரையே வண்டி ஏத்தி அனுப்பி வைப்பார். தான் மட்டும் எதுலயும் ஏற மாட்டார்!" நூறு பேரும் சிரித்தார்கள். நூற்றோராவதாக என் மனைவியும் சிரித்தாள். எட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை விமான ஆபீசுக்குப் போனேன். நம்பர் சீட்டு கொடுத்தார்கள். எழுபத்து மூன்று. ஓடிக்கொண்டிருந்தது பதினொன்று. இரண்டரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பெண் எதற்கெடுத்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு மகராசி என்று பெயர் வைத்தேன்.

"மன்னிக்க வேண்டும். நேர் விமானம் வாரத்துக்கு இரண்டுதான். இரண்டிலும் இடமில்லை."

"சுற்றிப் போனால்?"

"மன்னிக்க வேண்டும். நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டும்."

"விசா எப்படிக் கிடைக்கும்?"

"அங்கிருந்து வெளியே போகும் டிக்கெட்டைக் காட்டினால் கிடைக்கும்."

"அந்த டிக்கெட்?"

"விசாவைக் காட்டினால் கிடைக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. அந்த ஊருக்குப் போக விருப்பம் இல்லாதவனுக்கே எரிந்தால், போகத் துடிக்கிறவன் கதி என்ன? என் கவுண்டருக்கு வெளியே கால்கடுக்க நின்ற முகமெல்லாம் ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் சந்தோஷமாக பஸ் ஏறிவிட்டேன்.

"கிடைக்கலை" என்றேன் வீட்டில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"நாளைக்கும் போங்க" என்றாள்.

"இடமே இல்லைங்கறா."

"முப்பத்திரண்டு வருஷம் இதே வேலையிலதானே இருந்தீங்க? அக்காவுக்குக் கண்ணு மங்கிட்டே வருதுன்னு சொன்னேன்ல? பார்வை முழுசாப் போயிடும்னு டாக்டர் நாள் குறிக்காததுதான் குறை. நான் அவளைப் பார்க்கிறது இருக்கட்டும், அவ என்னைப் பார்க்க வேண்டாமா?"

இதை அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இதை எழுதும்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை.

செவ்வாய்க்கிழமை விபரீதம் நடந்தது. மகராசி மன்னிப்புக் கேட்கவில்லை. சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை விமானத்தில் இரண்டு இடம் வந்திருக்கிறது! உங்களுக்காகப் பிடித்து வைக்கிறேன். நாளை இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டு வந்து மாற்றிக்கொள்ளுங்கள். நாலு மணி வரைக்கும்தான்."

பாஸ்போர்ட் இரண்டும் என் தோள்பையில்தான் இருந்தன. "நாளைக்கே வருகிறேன்" என்று எழுந்துவிட்டேன்.

புதன்கிழமை கிளம்பினேன். ஆபீசுக்கு எதிரே ஒரு பூங்கா. அதில் ஒரு பெஞ்சு. நாலரை மணி வரை அங்கே உட்கார்ந்து புறாக்களை எண்ணினேன். பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி உள்ளே ஓடினேன்.

"மன்னிக்க வேண்டும்" என்றாள் மகராசி. அவள் கண் கலங்கியே விட்டது.

வீட்டுக்கு வந்து, "கண்ணெதிர்லயே போயிடுச்சு! பஸ் லேட்டு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மனைவி என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஆபீஸ்ல நாற்காலிக்கெல்லாம் பச்சைப் பெயிண்டா அடிச்சு வெச்சிருக்காங்க?"

திரும்பிக் கண்ணாடியில் பார்த்தேன். பேண்ட்டின் பின்பக்கம் வரிவரியாகப் பச்சை.

"ஆமா. புதுசா அடிச்சிருக்காங்க."

"கோடு கோடாவா?"

"வெளிநாட்டு நாற்காலி அப்படித்தான் இருக்கும்."

"சரி, கழட்டிப் போடுங்க. துவைக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காவிட்டால் பயப்பட வேண்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளாதவன் நான்.

வியாழக்கிழமை காலையில் மகராசியே போன் செய்தாள். யாரோ விட்ட இரண்டு இடம் மறுபடி வந்திருக்கிறதாம். யாரோ என்ன யாரோ, நான் விட்ட இடம்தான். விட்ட இடம் பட்டியலுக்குத் திரும்பி வரும் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. அது எனக்கே மறந்துவிட்டது. இன்றும் நாலு மணி வரைக்கும்தான் என்றாள். போனை எடுத்துப் பேசியது மருமகள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது மனைவி.

"இன்னிக்குச் சீக்கிரமே போயிடுங்க. பஸ் லேட்டாகும்" என்று பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள்.

அதே பெஞ்சு. இந்தத் தடவை அடியில் செய்தித்தாள் விரித்தேன். அனுபவம்! வெயில் இதமாக இருந்தது. பையைத் தலைமாட்டில் வைத்துக் காலை நீட்டினேன். விழித்தபோது மணி நாலே முக்கால். மூக்கில் இருந்த கண்ணாடியைக் காணோம். பதறிப்போய்ப் பையைத் திறந்தால் உள்ளே கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. தூக்கத்திலும் நமக்கு என்ன ஜாக்கிரதை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஆபீசுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் நடு அறையில் ஒரு பெட்டி நின்றது. பூட்டியிருந்தது.

"போச்சு" என்றேன். "இன்னிக்கும் போச்சு. கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம்."

"அப்படியா? மூணு மணிக்கு நல்லாத்தானே வேலை செஞ்சுது?"



"நீ... அங்கே எப்படி..."

"மருமக லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனா. நல்ல பொண்ணு அந்தக் கவுண்டர்ல. அக்கா போட்டோவைக் காட்டினேன். பத்து நிமிஷத்துல மாத்திக் கொடுத்துட்டா."

"பாஸ்போர்ட் என் பையிலல்ல இருந்தது?"

"பை உங்க தலைமாட்டுல இருந்தது. மெதுவா எடுத்தேன், வேலையை முடிச்சேன், திரும்பக் கொண்டுவந்து வெச்சேன். வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டு இருந்தீங்க. கண்ணாடி விழுந்து உடையப் போகுதேன்னு கழட்டி உள்ளே வெச்சேன்."

சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கண்ணாடியைப் பற்றியல்லவா கவலைப்பட்டிருக்கிறாள். உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும் ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரா? என் டிக்கெட்டை மட்டும்தான் மாத்தினேன். நாலு நாளா அவ்வளவு கஷ்டப்பட்டீங்களே போகாம இருக்கறதுக்கு. அது வீணாப் போக வேண்டாம்னு உங்களுடையதை அப்படியே விட்டுட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும், "எட்டு வருஷம் முன்னாடி நீ சிரிச்சே" என்றேன். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டது.

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அது ஒரு சிரிப்பு. அதுக்காக அக்காவுக்கு என் முகத்தைக் காட்டாம வெச்சுக்கலாம்னு பார்த்தீங்களா?"

 நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அவளே எழுந்து போய் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மடக்குக் கட்டிலை விரித்தாள்.

"இது யாருக்கு?"

"அத்தானுக்கு. அக்காவும் நானும் பேச உட்கார்ந்தா அவர் நடுவுல வந்து பழைய கதை சொல்லுவாராம். அதனால மூணு வாரம் இங்கே அனுப்பி வைக்கறா. விசா அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு. நான் ஏறப்போற விமானம் இருக்கே, அதுலதான் வந்து இறங்குறார். என்னை ஏத்தி விட்டுட்டு அப்படியே அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க. மகன்கிட்ட சொல்லியாச்சு."

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் அவள் தன் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். சந்தோஷமாக இருந்தாள். நான் அரை மணி நேரம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபக்கத்துக் கதவு திறந்தது. சகலை வந்தார். எட்டு வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை. தன் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தோளில் கை போட்டார்.

"என்ன சகலை, இன்னிக்கும் வண்டி ஏத்தி அனுப்பத்தான் வந்தீங்களா?"