ஐந்து ஊசிக்கும் ஐந்து பொட்டு

பெட்ரோலும் இன்றி, மின்சாரமும் இன்றி, எருதின்மேல் ஏறி அண்டம் அனைத்தையும் சுற்றி வரும் எம்பெருமானே! முதல் வணக்கம் உனக்கு. உன் வாகனத்துக்கு வைக்கோல் போதும். எங்கள் வீட்டு வாகனத்தின் கதை வேறு. அதைத்தான் சொல்லப் போகிறேன். சற்றே காது கொடு.

அன்பர்களே, சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு இடப்பட்ட பணி ஒன்றே ஒன்று. பாகூரிலிருந்து வில்லியனூர் சென்று, என் மகனின் திருமணப் பத்திரிகையைச் சகலை தணிகாசலத்தின் கையில் கொடுத்து வர வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கொடுத்தாக வேண்டும். அவ்வளவே!

சகலை என்பவர் என் மனைவி விசாலாட்சியின் தமக்கை கணவர். மூன்றாண்டுகளாக அவர் என்னோடு பேசுவதில்லை. குற்றம் அவருடையது அன்று. அவர் மகள் திருமணத்தில் முகூர்த்த வேளையில் பதிகம் பாட வேண்டியவன் நான். வழியில் ஏறிய பேருந்தில் ஒரு புண்ணியவான் ஒரு பாடலுக்குப் பொருள் கேட்டார். சொன்னேன். அவர் இறங்கினார். நானும் இறங்கிச் சொன்னேன். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பிறர் வீட்டுத் துக்கத்தில் மட்டுமே சந்தித்துக் கொள்கிறார்கள்.

இப்போது அக்காள் வீட்டிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. தப்புச் செய்தவரே நேரில் வர வேண்டும். முதல் பத்திரிகையோடு வர வேண்டும். நல்ல நேரத்தில் வர வேண்டும். வந்தால் கல்யாணத்துக்கு வருவார்கள். இல்லையேல் இல்லை.

"இத பாருங்க" என்றாள் விசாலாட்சி. "எங்கக்கா இல்லாம எம்புள்ள கல்யாணம் நடந்தா மேடையில நான் ஒக்கார மாட்டேன். பக்கத்துல காலி நாற்காலிய வெச்சிகினு நீங்களே ஆசீர்வாதம் பண்ணிக்குங்க."

"பேருந்தில் போகட்டுமா?"

"அய்யய்யோ! பஸ்ஸா? மறுபடியும் எவனாவது பொருள் கேப்பான்!"

ஆகவேதான் மகனின் மின்சார மலைச் சைக்கிள் என் கண்ணில் பட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை சேந்தன், சென்ற மாதம் ஊருக்குக் கொண்டுவந்து விட்டுச் சென்றது. மலை ஏறுவதற்கென்றே செய்தது. பாகூரில் மலை ஏது? ஏரிக்கரைதான் எங்கள் இமயம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேருந்தின் மீது பழி போட்டேனே தவிர, உள்ளே இருந்தது ஆசை. தணிகாசலம் புது ஸ்கூட்டர் வாங்கியிருப்பதாகக் கேள்வி. அவர் வாசலில் நான் ஓசையின்றி மின்சாரத்தில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்! இறைவா, அறுபத்தேழு வயதிலும் இந்த நெஞ்சம் இப்படி.

வியாழன் மாலை பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மிதிக்கிற எடத்துல மோட்டார் இருக்குதுப்பா. நீ லேசா மிதிச்சா அது மீதிய மிதிக்கும். பேட்டரி கம்பிக்குள்ள இருக்குது. அதுல இப்ப கொஞ்சந்தான் சார்ஜ் கீது. ராத்திரி போட்டுடு."

"வழியில் தீர்ந்துவிட்டால்?"

"அதுக்குத்தான் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். தண்ணி பாட்டில் வெக்கிற எடத்துல பாட்டில் மாதிரியே ஒண்ணு நிக்குது பாரு, அது இன்னொரு பேட்டரி. அது புல்லா இருக்குது. அதோட ஒயர எடுத்து, சார்ஜர் குத்தற அதே ஓட்டையில குத்திட்டா வண்டி ஓடும்."

"ஆக, இரவில் சார்ஜர், பகலில் பாட்டில். இரண்டுக்கும் துளை ஒன்று."

"கரெக்டு. சார்ஜர்ல செவப்பு எரிஞ்சா ஏறுதுன்னு அர்த்தம். பச்சை எரிஞ்சா புல்லு."

இவ்வளவு தெளிவாகச் சொன்னான். பிழை அவன்மீது இல்லை.

ஆனால் அன்பர்களே, பூசை போடாத வண்டியில் சுபகாரியத்துக்குப் போவதா? நம் பக்கத்தில் நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைக்காமல் வயலில் இறக்குவது கிடையாது. சந்தனம் அரைத்தேன். குங்குமம் எடுத்தேன். மோட்டாருக்கு ஒரு பொட்டு. கைப்பிடிக்கு இரண்டு. சிறு கண்ணாடி போல் எண்கள் காட்டும் திரை ஒன்று இருந்தது. அதுவே நெற்றி எனக் கொண்டு நடுவில் பெரிதாக ஒன்று.

பிறகு அந்தத் துளையின் ரப்பர் மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஐந்து ஊசிகள். பொன்னிறம். வரிசையாக ஐந்து!

மெய் சிலிர்த்தது. ஐந்தெழுத்தை ஓதுபவனுக்கு ஐந்து பொன் ஊசி எதைக் காட்டும்? ஓர் எழுத்துக்கு ஓர் ஊசியாக, சுண்டு விரல் நுழையாததால் ஈர்க்குச்சியில் தொட்டு, ஐந்துக்கும் சந்தனம் சாத்தினேன். மேலே குங்குமம். கண்ணில் ஒற்றிக்கொண்டு சார்ஜரைச் செருகினேன். சற்று இறுக்கமாக இருந்தது. அழுத்தினேன்.

பச்சை எரிந்தது.

உடனே! செருகிய நொடியில்! பிறருக்கு நான்கு மணி நேரம் ஆவது எனக்குக் கண்ணிமைப்பில் ஆகிவிட்டது.

"விசாலாட்சி! பார்த்தாயா அருளை!"

"அருளு இருக்கட்டும். மோட்டு வளை விளக்க அணைச்சிட்டு வந்து சாப்புடுங்க" என்றாள் அவள். எதுவும் செருகப்படாத போதும் அந்தச் சார்ஜரில் பச்சைதான் எரியும் என்பதை நான் அறிந்தது மறுநாள்.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்குப் புறப்பட்டேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்த துணிப்பையை மார்பின் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஏறி ஒரு மிதி மிதித்தேன்.

ஆகா! முற்பிறவி வினை பின்னாலிருந்து தள்ளுவதுபோல் தள்ளியது! 'டர்போ' என்ற பொத்தானை அழுத்தினேன். வினை இரட்டிப்பானது. ஏரிக்கரைச் சாலையில் ஒரு மினி டெம்போவை முந்தினேன். அதன் ஓட்டுநர் கும்பிட்டார். பக்தியாலா பயத்தாலா, தெரியவில்லை.

எத்தனை சார்ஜ் மீதம் இருக்கிறது என்று பார்க்கலாமே என்பீர்கள். திரையில் பொட்டு இருந்தது. சுபகாரியத்துக்குப் போகையில் பொட்டை அழிப்பேனா? பொட்டின் ஓரத்தில் ஓர் எட்டு தெரிந்தது. எண்பத்தெட்டு என்று எடுத்துக்கொண்டேன். பின்னர் கணித்துப் பார்த்ததில், அது வெறும் எட்டு.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் மோட்டார் நின்றது.

முனகவில்லை, இருமவில்லை. நின்றது. மோட்டார் இல்லாத மின்சார மலைச் சைக்கிளை மிதிப்பது, ஆட்டுக்கல்லுக்குச் சக்கரம் வைத்து மிதிப்பதற்கு ஒப்பானது. பத்து மிதியில் நாக்கு வெளியே வந்தது. இறங்கினேன்.

'அஞ்சேல், பாட்டில் உண்டு' என்று நெஞ்சுக்குச் சொன்னேன். எக்ஸ்டெண்டரின் ஒயரை எடுத்துத் துளையில் செருகினேன். ஒன்றும் இல்லை. உருவிச் செருகினேன். ஐந்தெழுத்தை ஓதிச் செருகினேன். ஊகூம்.

சாலையை ஒட்டிய வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"இன்னா பெருசு, வண்டி படுத்துகிச்சா?" என்றாள் ஒருத்தி.

"ஆம் தாயே."

"ஆமாவாம் தாயேவாம்! கோயில் மைக்குல பேசற மாதிரியே பேசுது பாருடி! பெருசு, அந்த பாட்டில்ல தண்ணி இருந்தா ஒரு வாயி குடேன். வெயிலு கொளுத்துது."

"அது தண்ணீர் அன்று. அதற்குள் இருப்பது மின்சாரம்."

வயல் முழுதும் பாட்டிலையே பார்த்தது.

"கரண்ட்ட பாட்டில்ல ஊத்திட்டானுங்களா!" என்றாள் இன்னொருத்தி. "அப்ப ஒன்னும் கவலயில்ல. மூடியத் தெறந்து நீயே ரெண்டு முழுங்கு குடிச்சிட்டு ஓட்டு!"

அவர்கள் சிரித்த சிரிப்பில் நாற்றுக்கட்டு ஒன்று சேற்றில் விழுந்தது. நான் தள்ளத் தொடங்கினேன். மணி ஒன்பதே கால்.

தள்ளியபடியே மகனை அழைத்தேன்.

"டிஸ்ப்ளேல எர்ரர் நம்பர் இன்னா காட்டுதுப்பா?"

"சந்தனம் காட்டுகிறது."

"இன்னாது?"

"பொட்டு வைத்திருக்கிறேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை. பிறகு, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். மொதல்ல யாராவது ஒயரு தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டு" என்று வைத்துவிட்டான்.

ஏம்பலத்தில் ஒரு பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் கடை. உள்ளே செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் இருந்தார். பெயர் செல்வி என்று பலகை சொன்னது. சைக்கிளைக் கண்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அட! மோட்டார இந்தச் சின்ன எடத்துல அடக்கியிருக்கான் பாரேன்! இன்னா சார் பிரச்சன?"

சொன்னேன். அவர் டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் துளையைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள மாவு மாதிரி அப்பிகினு கெடக்குது? செவப்பா வேற கீது?"

"சந்தனமும் குங்குமமும்."

"ஓட்டைக்குள்ளயா?"

"பூசை போட்டேன், அம்மா."

"ஏன் சார், சாமிக்கு நெத்தியில பொட்டு வெப்பீங்களா, மூக்கு ஓட்டைக்குள்ள வெப்பீங்களா?"

ஐம்பதாண்டுகளாகப் பதிகங்களுக்குப் பொருள் சொல்லி வருபவன் நான். என் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கரண்ட்டுக்கு ஊசியும் ஊசியும் தொடணும் சார். நடுவுல சந்தனம் காஞ்சி செவுரு மாதிரி நிக்குது. சார்ஜரும் ஏறியிருக்காது, பாட்டிலும் ஏறாது. நல்ல வேள, ஈரத்தோட ரெண்டு ஊசி ஒட்டிப் புகையல. உங்க சாமி ரொம்பப் பொறுமசாலி."

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தார். ஒரு டப்பாவிலிருந்து ஏதோ மருந்தை அடிக்கப் போனார்.

"அம்மா! அர்ச்சித்த இடம்! கண்டதை அடிக்கலாமா?"

"அப்ப இங்கயே ஒரு கோபுரம் கட்டி கும்பாபிஷேகம் பண்ணிடலாமா சார்? நீங்க எத்தினி மணிக்குப் போவணும்னீங்க?"

"அடியுங்கள்" என்றேன்.

அவர் சொல்லியபடி தரையில் குனிந்து அமர்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓர் ஊசி, அடுத்த ஊசி என்று அவர் சுரண்டச் சுரண்ட, இரவு நான் சாத்திய எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வீதியில் வண்டிகள் போயின. நான் நிமிரவில்லை. மணி பத்தை நெருங்கியது.

கடைசி ஊசியும் பளிச்சிட்டது. ஒயரைச் செருகினார். 'டிங்!' திரையின் பொட்டையும் என்னைக் கேளாமலே கட்டை விரலால் துடைத்தார். எண்கள் தோன்றின.

"பாட்டிலு புல்லு. கெளம்புங்க! டர்போ மட்டும் போடாதீங்க, சீக்கிரம் குடிச்சிடும்."

கூலி கேட்டதற்கு, "கல்யாணத்துக்குக் கூப்புடுங்க, போதும்" என்றார். பெயரைக் குறித்துக்கொண்டேன்.

டர்போ போட்டேன்.

மங்கலம் என்ற ஊர் பின்னால் பறந்தது. தார்ப்பாய்ச்சு அவிழ்ந்து கொடியாய்ப் பறந்தது. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் ஓட்டி, வாயால் பாடி, பத்து இருபத்திரண்டுக்கு வில்லியனூரில் சகலையின் வாசலில் நின்றேன். எட்டு நிமிடம் மீதம்! வாழ்நாளில் முதன்முறையாக நான் நேரத்தோடு வந்திருக்கிறேன்! வேட்டியைச் சரி செய்து, பத்திரிகையை வெற்றிலைமேல் வைத்து, உரக்க அழைத்தேன்.

"சகலை! நான் வந்துவிட்டேன்!"

பார்த்தால், கேட்டில் பூட்டு.

எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்: "அவங்க ரெண்டு பேரும் ஒம்பதரைக்கே ஸ்கூட்டர்ல கெளம்பிட்டாங்களே! பாகூருக்கு."

"பாகூருக்கா? எதற்கு?"

"ஏதோ பத்திரிக்க வாங்கணுமாம். 'அந்தாளு வந்து குடுக்கறதுக்குள்ள ராகு காலமே முடிஞ்சிடும், நாமளே போயி வாங்கிகினு வந்துடலாம்'னு சொல்லிகினே போனாரு."

விசாலாட்சியை அழைத்தேன். பின்னணியில் கலகலவென்று சிரிப்பு. மூன்றாண்டுகளாக நான் கேட்காத அக்காளின் சிரிப்பு.

"எங்கங்க இருக்கீங்க? பத்து தடவ போன் அடிச்சேன்! மாமாவும் அக்காவும் வந்துட்டாங்க. பத்து மணிக்கே மொதல் பத்திரிக்கய நானே தட்டுல வெச்சி குடுத்துட்டேன். மூணு நாளு முன்னாடியே வந்துடறாங்களாம்!"

"வழியில் என்னை அவர் பார்க்கவில்லையா?"

"பாத்தாராமே! ஏம்பலத்துல ஒரு மோட்டார் கடையில வேட்டிய வரிஞ்சி கட்டிகினு ஒரு ஆளு குனிஞ்சி கெடந்தாராம். 'அது நம்ம சகலதான், முதுகே சொல்லுது'ன்னாரு. நிக்கலியா மாமான்னு கேட்டேன். 'நின்னா எதுக்காவது பொருள் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு, நேரம் போயிடும்'னாரு."

பிறகு குரல் மாறியது. ஆணின் குரல். மூன்றாண்டுக்குப் பின் என்னிடம் நேராகப் பேசிய முதல் சொல்.

"சகல! கேசரி நல்லா இருக்குது. உன் பங்கையும் சேத்து சாப்டுட்டேன். ராகு காலத்துல கெளம்பாத, பன்னெண்டு மணி வரைக்கும் அங்கயே ஒக்காரு. வெயிலு ஏறுனா எதிர்வூட்டுல மோரு கேளு, நான் சொன்னேன்னு சொல்லு."

கண்ணில் நீர் வந்தது. பசியா, பாசமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. பூட்டிய கேட்டின் முன் அமர்ந்தேன். மோர் வந்தது. உப்பு தூக்கல்.

இதைப் படித்தோருக்கும், பக்கத்திலிருந்து படிக்கக் கேட்டோருக்கும், வீட்டார் வாய்விட்டுச் சிரிக்கும் பேற்றையும், அந்தச் சிரிப்புக்குக் காரணம் தாமாக இல்லாதிருக்கும் பெரும்பேற்றையும், எருதேறி வருபவன் அருளுவானாக!