வடக்குச் சரிவின் ஒற்றை ஓட்டு

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், மானநஷ்ட வழக்குப் போடுவார்கள், வடக்குச் சரிவு முழுக்க அழுங்குகள் குடியிருந்தன. உடம்பெல்லாம் செதில், சாப்பாட்டுக்குக் கறையான், பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பழக்கம். அந்தப் பழக்கத்தையே மதமாக்கி, அதற்குச் சுருள் சபை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வானத்துப் பேரழுங்கு ஒருநாள் இறங்கி வந்து, உலகத்தில் உள்ள எல்லா அரசாங்கங்களையும் கறையானை நக்குவது போல நக்கி முடித்துவிடும். அதுவரை அரசியல் பேச்சு காதில் விழுந்தாலே சுருண்டுகொள்ள வேண்டும். இது சபையின் முதல் சட்டம். மனதில் என்ன தோன்றினாலும் அன்றைக்கே மூத்த சுருளாரிடம் போய் ஒப்பித்துவிட வேண்டும் என்பது அடுத்த சட்டம்.

அபரஞ்சி அந்தச் சபையிலேயே பிறந்து, சுருண்டு, வளர்ந்தவள். சரிவில் ஓடிக்கொண்டிருந்த ஓடையை நரியாரின் அரசாங்கம் திருப்பி யானைகளின் நீச்சல்குளத்துக்கு விட்டது. அழுங்குகள் தண்ணீருக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. "ஏன் சுருளாரே, நாம போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்று தோன்றியதை அபரஞ்சி அன்றைக்கே ஒப்பித்தாள். சுருளார் அந்த இடத்திலேயே சுருண்டுபோனார். மன்னிப்புக் கேட்டால் சபையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்கள். அவள் கேட்கவில்லை. சபையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

அம்மாதான் வளை வாசல் வரை வந்தாள்.

"கோவத்துல போறே, போ. ரெண்டு நாள்ல திரும்பிடுவே. ஆனா ஓட்டுகீட்டுன்னு போய் நின்னியோ," என்றவள், அந்தச் சொல்லைச் சொன்ன பாவத்துக்கு ஒருமுறை சுருண்டு எழுந்து மிச்சத்தைச் சொன்னாள்: "அப்புறம் உங்கூட நான் பேசவே மாட்டேன்டி. உம்மேல சத்தியம்."

அபரஞ்சிக்கு ஓடையும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இரண்டையும் எதிரெதிராக வைத்துவிட்டார்களே என்று தாங்க முடியாத வருத்தம்.

தேர்தல் வந்தது. முதலில் நரியார் மைக்கோடு வந்தார். "பொறுத்திருங்கள் மக்களே! நல்ல காலம் சீக்கிரம் வரப்போகிறது! நம்பிக்கையோடு காத்திருங்கள்!" என்றார். அபரஞ்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைக்கு வார்த்தை சுருளாரின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம். எதிர்த்து நின்ற கரடியார் மேடையிலேயே தூங்கிப்போயிருந்தார். தட்டி எழுப்பினார்கள். "என்னால முடிஞ்சதைப் பண்றேன். முடியலைன்னா முடியலைன்னு வந்து சொல்லிடுறேன்," என்று கொட்டாவி விட்டார். இவ்வளவு சின்ன வாக்குறுதியை அபரஞ்சி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சொர்க்கத்தையே வாக்குறுதியாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காது அது. அவருக்கே போடுவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

வடக்குச் சரிவிலும் சட்டப்படி ஒரு வாக்குச்சாவடி உண்டு. அதிகாரியான மரநாய் தேர்தலுக்குத் தேர்தல் வருவார், பொட்டலச் சோறு சாப்பிடுவார், தூங்குவார், காலி இயந்திரத்துக்குச் சீல் வைத்துவிட்டுப் போவார். நரியாரின் ஏஜெண்டான கீரியும் கூடவே தூங்கும்.

"ஓட்டுப் போட வந்திருக்கேன்."

மரநாய் திடுக்கிட்டு எழுந்தார். "எங்க? இங்கயா?" என்று கேட்டுவிட்டு மை பாட்டிலைத் தேடினார். காய்ந்து கிடந்த மையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அவள் நகத்தில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, "வாக்காளர் அபரஞ்சி!" என்று கூவினார்.

கூவியதுதான் தாமதம், அபரஞ்சி சுருண்டுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. மனசு சபையை விட்டு வெளியே வந்திருந்தது. உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

மரநாய் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. செத்தவர் பெயரில் வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. உருண்டையாக வந்தால் என்ன செய்வது என்று இல்லை.

"இதுக்கு எதுக்கு சார் புஸ்தகம்?" என்றது கீரி. "இப்படி உருட்டி விடுங்க. பாவம், இவங்களுக்கு என்ன விவரம் தெரியும்? இவங்களுக்கும் சேர்த்து நானே அமுக்கிடுறேன்."

பந்துக்குள் இருந்த அபரஞ்சிக்குக் காது நன்றாகவே கேட்டது. அவளுக்கும் சேர்த்து நினைக்க ஒருவர், அவளுக்கும் சேர்த்து முடிவெடுக்க ஒருவர் என்று இத்தனை காலம் போனது போதாதா? உள்ளுக்குள் கோபம் பொங்கியது. பேரழுங்கே வந்தாலும் பிரிக்க முடியாத பந்தை அந்தக் கோபம் பிரித்துவிட்டது.

"கையை எடு. எம் பொத்தானை நான் அமுக்கிக்கிறேன்."

அமுக்கினாள். இயந்திரம் பீங் என்றது.

இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் பழக்கம் விடுமா? நேராக மரநாயின் மேஜைக்கு முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றாள். "அய்யா, நான் யாருக்குப் போட்டேன்னா..."

"ஐயையோ, சொல்லாதீங்கம்மா!" மரநாய் காதைப் பொத்திக்கொண்டார். "அது உங்க விஷயம். எனக்குத் தெரியவே கூடாது. யாரு கேட்டாலும் சொல்லணும்னு அவசியமில்லை."

அபரஞ்சி அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர், உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியக் கூடாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. வாய்விட்டு அழுதாள். மை எரிகிறது போல என்று நினைத்து மரநாய் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்.

எண்ணிக்கை நாளன்று காடு முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். "வடக்குச் சரிவு வாக்குச்சாவடி. கரடியார், ஒன்று. நரியார், பூஜ்யம்." மரநாய் காதைப் பொத்திக் காப்பாற்றிய ரகசியம், எலிக்குஞ்சு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மொத்தக் கணக்கில் ஜெயித்தது நரியார்தான். அபரஞ்சி அம்மாவைப் பார்க்க ஓடினாள். அம்மாவின் வளை வாசலில் புதிதாக ஒரு கல்லை உருட்டி வைத்திருந்தார்கள்.

நரியாருக்கோ தூக்கம் போயிற்று. போட்டவர்கள் கிடக்கட்டும், போடாத ஒருத்தி முகவரியோடு இருக்கிறாளே! விடிந்ததும் மாலையோடு வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஓடை," என்றாள் அபரஞ்சி.

அந்த வாரமே ஓடை திரும்பி வந்தது. நரியாருக்கே மொத்தமாக ஓட்டுப் போட்ட கிழக்குச் சரிவு முயல்கள், "எங்களுக்கு ஒரு பாதை?" என்று கேட்டன. "நீங்க நம்ம ஆளுங்க, பொறுத்துக்குவீங்க," என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

நாம் அரசியலைத் தொடாமல் சுருண்டு கிடந்ததால்தான் பேரழுங்கு தண்ணீர் அனுப்பினார் என்று மூத்த சுருளார் அறிவித்தார். சபையார் ஓடைக்கரையில் வரிசையாகச் சுருண்டு நன்றி சொன்னார்கள். அபரஞ்சி எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கலைந்த பிறகு ஓர் உருண்டை மட்டும் பிரிந்து அம்மாவாயிற்று. மகளைப் பார்க்காமல் குனிந்து குடித்தாள். சத்தியம் சத்தியம்தான், அதனால் தண்ணீரிடம் பேசினாள்.

"நகத்துல வச்ச மை எத்தனை நாள்ல போகுமாம்?"

"ஒரு மாசம் ஆகும்மா," என்றாள் அபரஞ்சி, அவளும் தண்ணீரைப் பார்த்தே.

அம்மா இன்னும் ஒரு வாய் குடித்தாள்.

"ஒரு மாசந்தானே? காய்ச்சல்னு சொல்லி நம்ம வளைக்குள்ளேயே படுத்துக்கலாம்."

நீதி: ஓடை வேண்டுமென்றால் தோற்கிறவருக்கு ஓட்டுப் போடுங்கள், ஜெயித்தவர் கொண்டுவந்து கொடுப்பார். நன்றியை மட்டும் வானத்துக்குச் சொல்லிவிடுங்கள்.