சத்தம் போடாத ஃபேன் வாங்கிய கதை

தேவையான பொருளை மனிதன் அரை நிமிடத்தில் வாங்கிவிடுகிறான். தேவையே இல்லாத பொருளுக்குத்தான் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறான். கத்தரிக்காயைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வருகிற நான் (அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை), வீட்டு சர்வருக்கு ஒரு மதர்போர்டு தேர்ந்தெடுக்க ஒரு கோடைகாலம் முழுவதையும் செலவழித்தேன்.

வீட்டு சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குடும்பத்துப் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலை ஒட்டிய என் அறையில் அது பல வருடமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண போர்டாக வாங்கு, வேண்டுமானால் பிற்பாடு ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பத்து மடங்கு வேகமான நெட்வொர்க் போர்டிலேயே பதிந்து வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சர்வருக்கும் என் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு கை நீளம். எட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

கடைசியில், எங்கோ ஒரு ஆபீசில் கழித்துப்போட்ட சர்வர் போர்டு ஒன்று அதன் இரும்புப் பெட்டியோடும் நாலைந்து முரட்டு ஃபேன்களோடும் வந்து சேர்ந்தது.

"என்னடா இது, டிரங்குப் பெட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"பத்து மடங்கு வேகம்மா."

"எது?"

"போட்டோ."

"நான் நிதானமாவே பாத்துக்கறேன், போ."

அந்த வேகமான நெட்வொர்க் சிப் கொதிக்கும் என்று படித்திருந்தேன். அதன்மேல் காற்றடிக்க, சத்தமே வராது என்று அட்டையில் அச்சடித்திருந்த ஒரு ஃபேனைத் தேடிப்பிடித்து மாட்டினேன். அங்கேதான் சனி பிடித்தது. சத்தம் வராத ஃபேன் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் ஃபேனைக் கண்டால் சர்வர் போர்டு, 'ஐயோ, ஒருத்தன் சாகக் கிடக்கிறான்' என்று பதறி எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் முடுக்கிவிடும். அந்த வேகத்தில் இந்தச் சாது ஃபேனும் கொஞ்சம் விரைவாகச் சுற்றும். 'அப்பாடா, பிழைத்துக்கொண்டான்' என்று போர்டு வேகத்தைக் குறைக்கும். சாது மறுபடி மெதுவாகும், போர்டு மறுபடி பதறும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குள் விமானம் கிளம்புவது போல ஓர் இரைச்சல் எழும்பும், அடங்கும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழும்பும் என்பதுதான்.

இதை நான் மாட்டிய நாள், என் தங்கை வித்யாவைப் பெண் பார்க்க, ஃபேக்டரி டவுன்ஷிப்பான கைலாசபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாள். (வருகிறவர்களுக்கு அவளுடைய சிறுவயதுப் போட்டோக்களை டிவியில் சரசரவென்று ஓட்டி அசத்துவது என் திட்டம். யாரும் கேட்கவில்லை.)

மாப்பிள்ளை கார்த்திக்கை வித்யாவுக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் போன் பேசினால் ஆளாளுக்கு ஒட்டுக்கேட்போம் என்பதால் இருவரும் மெசேஜிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே அவள் என்னிடம் வந்து சொன்னாள்.

"அண்ணா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. தயவுசெஞ்சு இன்னிக்கு ஒரு நாள் எதையும் கழட்டாத."

"கழட்டலை, மாட்டத்தான் போறேன்" என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

அவர்கள் வரும் நேரத்துக்கு சர்வர் ஊளையிட ஆரம்பித்தது. அப்பா ஓடிவந்தார்.

"அதை நிறுத்துடா!"

"முடியாதுப்பா. பழைய டிஸ்க்குலேர்ந்து எல்லாப் போட்டோவும் போயிட்டிருக்கு. நடுவுல நிறுத்துனா அத்தனையும் போயிடும்."

(நிறுத்தியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. அந்த அளவுக்குத்தான் என் தொழில்நுட்ப ஞானம்.)

வாசலில் கார் வந்து நின்றது. அப்பா அவசரமாக ஒரு முடிவெடுத்தார். "யாரும் அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. சத்தமே இல்லாத மாதிரி இருங்க. நாம கண்டுக்கலன்னா அவங்களும் கண்டுக்க மாட்டாங்க."

நாங்களும் அப்படியே இருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா, ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், "பொண்ணு எங்க வேலை பாக்கறாங்க?" என்று ஆரம்பித்தபோது இரைச்சல் எழும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவரும் மனைவியும் மாப்பிள்ளையும் திடுக்கிட்டு என் அறைக் கதவைப் பார்த்தார்கள். எங்களில் ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. அப்பா சாந்தமாகச் சிரித்து, "ஆமாங்க, எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்" என்றார்.

கார்த்திக் வித்யாவிடம் ஏதோ கேட்டார். அதுவும் இரைச்சலில் போயிற்று. அவள் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்து புன்னகைத்தாள். அம்மா தொண்டை கிழிய, "கேசரி இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க!" என்று கத்தும்போது சர்வர் சட்டென்று அடங்கிவிட்டது. நிசப்தமான ஹாலில் அம்மாவின் குரல் மட்டும் இடி மாதிரி விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டு ஆடியது.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் உரக்க, நிதானமாக, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். ஃபேக்டரி டவுன்ஷிப்பில் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நாங்களும் மரியாதைக்குக் கத்தினோம். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா தன் நெஞ்சைத் தொட்டு, வாசலைக் காட்டி, "போயிட்டு! வரோம்!" என்றார்.

பிறகு தகவலே இல்லை. கார்த்திக்கிடமிருந்து மெசேஜ்கூட இல்லை. வித்யா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். இவள் வாழ்க்கையைவிடப் பெரிதா உனக்கு அந்த மதர்போர்டு என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். சாது ஃபேனைக் கழற்றி எறிந்தேன். வீடு அமைதியானது. என்ன பிரயோஜனம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவே தேவையிருக்கவில்லை.

"சார்! தப்பா நெனைக்காதீங்க! உங்க வீட்ல எல்லாருக்குமே காது... பிறவியிலேயேவா, நடுவுல வந்ததா?"

அப்பா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"செவுரே அதிருது, உங்கள்ல ஒருத்தர்கூடத் திரும்பலையே! அப்பவே புரிஞ்சுக்கிட்டோம். பொண்ணும் போன்ல பேசாம மெசேஜே அனுப்பிச்சுதா, சரியாப் போச்சு. ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க! ஃபேக்டரில என்கூட இருந்தவங்க பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். பையன் இந்தப் பொண்ணுதான்னு நிக்கறான். வீடியோ பாத்துக் கைஜாடை கத்துக்கிட்டிருக்கான், அதான் இத்தனை நாளா ஆளையே காணோம்!"

வித்யா போனைப் பிடுங்கினாள். அழுகையும் சிரிப்புமாக, "மாமா, எங்களுக்கெல்லாம் நல்லாக் கேக்கும். அது எங்க அண்ணனோட கம்ப்யூட்டர்!" என்றாள்.

"பரவால்லம்மா! பொறந்த வீட்டை விட்டுக்கொடுக்காமப் பேசற பாரு, அதுதான் எங்களுக்கு வேணும்!"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கார்த்திக் உண்மையை நம்பிவிட்டார். அவருடைய பெற்றோர் இன்றுவரை நம்பவில்லை. போட்டோ வைக்கிற கம்ப்யூட்டர் அப்படி ஊளையிடும் என்று யார்தான் நம்புவார்கள்? விசேஷங்களில் என்னை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். எனக்கு வரன் தேடி யாராவது சம்பந்தியிடம் விசாரித்தால், அந்த நல்ல மனிதர் ஒளிவுமறைவில்லாமல், "தங்கமான பையன்! காது மட்டுந்தான் கொஞ்சம்..." என்று சொல்லிவிடுகிறார்.

போன மாதம் காட்டூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி, "தம்பி! மாசம்! எவ்ளோ! வருது?" என்றார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.