சுகாதார ஆய்வாளர் சீஸ் வாங்கப் போனார்

கத்தி கிடைத்துவிட்டது. சீஸ்தான் கிடைக்கவில்லை.

ஆட்டுக்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியைச் சட்டைப் பையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார் எலியாஸ். காசு கொடுத்தால் தொனேரியில் யாரும் கத்தி வாங்கலாம். புழுச்சீஸ் வாங்கக் காசு மட்டும் போதாது.

இத்தாலியின் சார்டினியாத் தீவில், தொனேரி இருக்கும் மலையில் கோடை பிறக்கும்போதுதான் அது பதமாகும். ஆட்டுப்பால் சீஸுக்குள் ஈ முட்டையிட்டு, புழு பிறந்து, உள்ளே எல்லாம் வெண்ணெயாக இளகியிருக்கும். புழு உயிரோடு நெளிந்தால்தான் நல்ல சரக்கு. ஆனால் விற்பது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகத் தொனேரிக்கு அனுப்பப்பட்ட சுகாதார ஆய்வாளர்தான் எலியாஸ்.

வந்த ஊரிலேயே பொனாரியாவைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மாமனார் வீட்டில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நாளன்று நடக்கும் விருந்தில், கதவோரம் குழந்தைகளோடுதான் அவருக்கு இடம். இந்த வருஷம் மாமனார் பாசிலியு மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி சீஸ் என் மாப்ள கொண்டாருவாரு."

சீஸ் கொண்டு வருகிறவனுக்குத்தான் மேசையின் தலைப்பக்கம். அவன்தான் தன் கத்தியால் முதல் வெட்டுப் போடுவான். அன்றிலிருந்து அவன் ஊர்க்காரன்.

விருந்து நாளைக்கு. பொனாரியா ரொட்டி சுட அப்பா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சீஸ மறந்துடாதீங்க."

"எங்கேர்ந்துடி கொண்டு வருவேன்?"

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "உங்க குசும்பு இருக்கே!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

எலியாஸ் தொத்தோனியின் மளிகைக் கடைக்குப் போனார். நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

"வாங்க ஐயா," என்றான் தொத்தோனி. "உங்க வீட்டுச் சாக்கடை நாத்தம் நின்னுதா?"

யாரோ இருமினார்கள். இரண்டு தடவை தெருவைத் தோண்ட வைத்தும் அந்த நாற்றம் போகவில்லை என்பது எலியாஸுக்குப் பெரிய குறைதான். ஆனால் இன்று அதற்கு நேரமில்லை. குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"தொத்தோனி, எனக்கு அந்தச் சீஸ் வேணும். நெளியுமே, அது."

தொத்தோனியின் முகம் வெளுத்தது. முத்திரை குத்திய சீஸ் கட்டிகளைப் படபடவென்று எடுத்து மேடையில் அடுக்கினான். "பாருங்கய்யா! எல்லாம் முத்திரை போட்டது! பிளாஸ்டிக் சுத்தினது! ஒரு புழுகூடக் கிடையாது!"

பயப்படுகிறான் என்று எலியாஸுக்குப் புரிந்தது. தைரியம் கொடுப்பதற்காகக் கண்ணடித்தார். தொத்தோனி ஒரு அடி பின்னால் போனான்.

"சும்மா வேணாம்பா. என்ன விலைன்னு சொல்லு. ரெண்டு மடங்குன்னாலும் சரி."

தொத்தோனி அடுக்கிய கட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைக்கத் தொடங்கினான். எலியாஸ் வெளியே வந்ததும் உள்ளே ஒரு கிசுகிசுப்பு காதில் விழுந்தது: "சும்மா இருக்க வெல கேக்குறாரு! இத்தன வருஷமா ஒண்ணும் கேக்காதவரு!"

இடையனிடம் கேட்டுப் பார்க்கலாமென்று அவர் மலை ஏறி முடிப்பதற்குள் செய்தி அவருக்கு முன்னால் ஏறிவிட்டிருந்தது. வழியில் லுயிசெத்தா கிழவியிடம் புல்லால் பின்னிய கூடை ஒன்று வாங்கியிருந்தார். கூடையோடு போனால் அதிகாரி மாதிரித் தெரியாது என்று கணக்கு. இடையன் புஸ்தியானுவின் கண்ணுக்கு, நிரப்பச் சொல்லிக் கூடையோடு வந்த அதிகாரியாகவே தெரிந்தார்.

புஸ்தியானு ஒயின் ஊற்றினான். ஒன்றும் பேசவில்லை. எலியாஸும் பேசவில்லை. அந்த மலையில் மௌனம் மரியாதை. ஆடுகள் அசைபோட்டன. நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது.

"இத்தன வருஷம் வாயத் தொறக்காம இருந்தீங்க," என்றான் புஸ்தியானு கடைசியில். "அதுக்குத்தான்யா ஊரே உங்கள மதிக்குது. இப்ப எதுக்குய்யா?"

எலியாஸ் நெகிழ்ந்துபோனார். தன் அடக்கமான சுபாவத்தைப் பற்றி யாரும் இதுவரை நல்லதாகச் சொன்னதில்லை.

"எனக்கு ஒரே ஒண்ணு குடு புஸ்தியானு. போதும்."

"என்கிட்ட என்ன இருக்கு குடுக்க? விளையாடுறீங்களா?"

"குடுக்கலேன்னா நாளைக்கு விருந்துல, அத்தன பேர் முன்னாடி என்ன நடக்கும்னு உனக்கே தெரியும்!" என்றார் எலியாஸ். தன் மானம் போவதைத்தான் சொன்னார். குரல் கடுமையாக வந்துவிட்டது.

புஸ்தியானு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான். "சரிய்யா. எது வந்தாலும் பாத்துக்கறோம்."

மறுநாள் விருந்தில் யாரும் பாடவில்லை. கத்தரித்த ரோமம் முற்றத்தில் மேகம் மாதிரிக் குவிந்து கிடந்தது. நீள மேசையின் இருபுறமும் ஆண்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பக்கம் நாற்காலி காலி. எலியாஸ் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் குழந்தைகளோடு உட்கார்ந்தார்.

பாசிலியு மேசையைத் தட்டினார். "மாப்ள, சீஸ் எங்க?"

எலியாஸ் எழுந்தார். மறைத்துப் பயனில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார். நடுக்கம் தெரியாமலிருக்க, அலுவலகத்தில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. கடையில விசாரிச்சேன். மலைமேல போயி விசாரிச்சேன். இந்த ஊர்ல எங்கயும் புழுச்சீஸ் இல்ல. ஒண்ணுகூட இல்ல. அவ்வளவுதான்."

கூடையின் பின்னலை எண்ணிக்கொண்டிருந்தார் எலியாஸ்.

முதலில் புஸ்தியானுதான் எழுந்து கைதட்டினான். பிறகு தொத்தோனி. அப்புறம் மேசையே எழுந்தது. "இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்!" என்று யாரோ கத்தினார்கள். பாசிலியு ஓடிவந்து மருமகனைக் கட்டிக்கொண்டார். நாலு பேர் எலியாஸைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள்.

பொனாரியா அவர் மடியிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது அதில் வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு சீஸ். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே புழுக்கள் ஆனந்தமாகத் துள்ளின.

எலியாஸ் கத்தியை விரித்தார். முதல் வெட்டுப் போட்டார். ஊரே தொப்பியைக் கழற்றியது. வாழ்க்கையில் இப்படி ஒரு கைதட்டலை அவர் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ரொட்டி நீட்டிய லுயிசெத்தாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"பெரியம்மா, பொனாரியா இத எங்கேர்ந்து கொண்டு வந்தா?"

கிழவி பொக்கை வாய் நிறையச் சிரித்தாள்.

"போங்க தம்பி, உங்க குறும்புக்கு அளவே இல்ல! ஆய்வாளர் வீட்ட எவன் சோதிக்கப் போறான்னு, ஊரு சீஸ் மொத்தமும் உங்க நிலவறையிலதானே பழுக்குது. அந்த வாசத்த மறைக்கச் சாக்கடை நாறுதுன்னு தெருவயே ரெண்டு வாட்டி தோண்ட வச்ச மகராசன் நீங்கதானே!"