தாலி கட்டும்போது நான் ரசத்தைப் படம் பிடித்தேன்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் என்னை மறக்காமல் கூப்பிடுவார்கள். ஆனால் முகூர்த்தம் நெருங்கியதும் யாராவது ஒருவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், காவல். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்துவைத்த காரியம் அப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் கல்யாண வீடியோவுக்கு ஒரு முறை உண்டு. தாமரை விரியும், அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை வருவார். இதய வடிவத்துக்குள் பெண் சுற்றுவாள். பின்னால் சினிமாப் பாட்டு ஓடும். ஊரே அதை ரசித்தது. எனக்கு மட்டும் கூசியது, ஏனென்றால் நான் கலைப்படம் பார்க்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வேற்று மொழிப் படம் போடுவார்கள். தெருவே கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். படத்தில் ஒருவர் கிணற்றுக்குள் வாளியை விடுவார். வாளி மேலே வந்துசேரும்வரை கேமரா அசையாது. ஒரு அம்மாள் அரிசியில் கல் பொறுக்குவாள், கடைசிக் கல்வரை நாமும் கூட இருக்க வேண்டும். பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. ஒருநாள் அப்பா பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏலே, டிவி நின்னுபோச்சா?" என்று கேட்டார். எனக்கோ நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது. சாதாரண மனுஷரைச் சாதாரணமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அந்தப் படத்தை எடுத்தவரும் நானும்தான் என்று நம்பினேன். (அந்த மொழி தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷை முழுசாகப் படிக்கவும் வராது. அதெல்லாம் ஒரு குறையா?)

அந்தச் சமயத்தில்தான் வசந்தி அக்கா கல்யாணம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியப்பா மகள். பெரியப்பா காலமாகி ஐந்து வருஷம். கூடப்பிறந்த ஒரே அண்ணன் சுந்தரம் சவுதியில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. எனக்குத் தனியாக லெட்டர் போட்டிருந்தார். "தம்பி, வேற எத விட்டாலும் பரவால்ல. தங்கச்சிக்குத் தாலி கட்டுறத மட்டும் விட்டுராத. நான் அதப் பாக்கணும்."

கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தேன். கல்யாணத்தன்றும் அது பையில்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மண்டபம். காலையிலேயே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி வேலையை ஆரம்பித்தேன். வாசலில் கிடந்த செருப்புகளை ஆறு நிமிடம் எடுத்தேன். வாழை இலை கழுவுகிறவரை ஒன்பது நிமிடம். மாப்பிள்ளை வீட்டார் வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் சொட்டிய தண்ணீரை எடுத்தேன். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சமையல்கட்டுப் பக்கம் போனேன். பெரிய அண்டாவில் ரசம். அது நுரைகட்டி எழும்புகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தேன்.

நடுவில் பெரியம்மா வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். கணவனை இழந்தவள் மணவறைப் பக்கம் போகக் கூடாது என்று அன்றைக்கு வழக்கம். என் அப்பாவும் அம்மாவும்தான் தாரைவார்த்தார்கள். சமையல்கட்டு வாசலில் நின்று எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் பெரியம்மா. பாதி அண்டா மறைந்துபோனதில் எனக்கு ஒரே எரிச்சல்.

அப்போது கெட்டிமேளம் கேட்டது. ஆகா, கல்யாணம் அங்கே நடக்கிறது, நாம் இங்கே ரசத்தைப் பார்க்கிறோம், இதுவல்லவா கலை என்று புல்லரித்தது. சமையல்காரர் தன் ஆளைப் பார்த்து, "ரசத்த எறக்குலே, பொங்குது!" என்று கத்தினார். அப்புறம்தான் சட்டைப் பையில் லெட்டர் இருப்பது நினைவுக்கு வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மணவறையில் அத்தான் மூன்றாவது முடிச்சும் போட்டு முடித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. கேசட் எங்கே என்று கேட்டவர்களிடம், "மதுரையில மிக்சிங் நடக்கு" என்றேன். ஐந்து மாதம் மிக்சிங் நடந்தது. சுந்தரம் அண்ணனிடமிருந்து லெட்டர் மேல் லெட்டர். கடைசியில் பெரியம்மா நேராகக் கடைக்கே வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டெக்கைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் கதவோரமாக நின்றேன்.

"இது யார் செருப்பு?" என்றார் அப்பா.

"தெரியல."

"தெரியாத செருப்ப எதுக்குலே இம்புட்டு நேரம் காட்டுத?"

இலை கழுவுகிறவர் வந்தபோது, "மாப்பிள்ள எப்ப வருவாவ?" என்றாள் அம்மா. ரசம் வந்தது. கெட்டிமேளம் கேட்டது. அடுத்ததாக வந்தது பந்தி. பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "எம் மவனுக்கு நான் என்னத்தலே அனுப்ப?" என்று மட்டும் கேட்டாள். கலையும் மண்ணாங்கட்டியும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

காப்பாற்றியது வத்திராயிருப்பு அத்தான்தான். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் பதறாதவர். "இன்னொரு தடவ கட்டிட்டாப் போச்சு மச்சான். ஒங்க அக்கா எங்க ஓடியா போயிருவா?" என்றார்.

ரெண்டாம் தடவை தாலி கட்டக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கழுத்தில் கிடக்கிற தாலியையே பின்னால் பிடித்துக்கொண்டு கட்டுகிற மாதிரி செய்யலாம் என்று முடிவாயிற்று. மொட்டைமாடியில் பட்டுச்சேலையை இழுத்துக்கட்டி மணவறை போட்டோம். எல்லாம் சரி, வசந்தி அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முகூர்த்த ஜாக்கெட்டுக்குள் கை நுழையவில்லை. வயிற்றை மறைக்க ரெண்டு மாலை போட்டோம், அது வயிற்றை இன்னும் பெரிதாகக் காட்டியது. ஐந்து பேரே மாற்றி மாற்றி அட்சதை போட்டார்கள்.

"சீக்கிரம் கட்டச் சொல்லுலே, கொமட்டுது" என்றாள் மணப்பெண்.

அன்றைக்குக் கேமராவை அசையாமல் வைத்திருந்தேன். கலைக்காக இல்லை, இதுவும் தவறிப்போய்விடுமோ என்று ஸ்டாண்டை விடப் பயம். கெட்டிமேளத்துக்கு எங்கே போவது? அசல் கெட்டிமேளம் ரச சீனில்தான் இருந்தது. அந்தச் சத்தத்தைப் பிரதி எடுத்து இதில் சேர்த்தேன், ரச சீனையும் வெட்டாமல் விட்டுவைத்தேன். கேசட் சவுதிக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து சுந்தரம் அண்ணனின் பதில் வந்தது. "தம்பி, தாலி கட்டுறத பாத்தேன். ரொம்பச் சந்தோசம். தாலி கட்டும்போது தங்கச்சி ஒரு சுத்து பெருத்திருக்கா, அடுத்தாப்ல பந்தியில ஒல்லியாயிட்டா. இதுதான் மிக்சிங்கா? கெட்டிமேளத்துக்கு நடுவுல ஒருத்தன் ரசத்த எறக்கச் சொல்லுதான், அது யாரு? ஆனா ஒண்ணு. மேளச் சத்தம் கேட்டதும் அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு கைகூப்புறா பாரு, அந்த எடத்தத்தான் ரூமுல நாங்க திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கோம். அங்க போய் நின்னு எடுக்கணும்னு ஒனக்கு எப்பிடித் தோணுச்சு?"

தோன்றவே இல்லை. ரசத்தை மறைக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அதைப் பதிலில் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு ரெண்டு தோசை அதிகம் விழுந்தது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் தாலி கட்டுகிற நேரம் யாராவது ஒருவர் "ரசத்த எறக்குலே!" என்று குரல் கொடுக்காமல் இருப்பதில்லை. சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் பந்தியை நோக்கி நகர்ந்ததும் உண்டு.

போன வருஷம் வசந்தி அக்காவின் மூத்த மகள் தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். தாம்பாளத்தை நீட்டிவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்.

"மாமா, எங்க அம்மா கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன்ல, அதுமாதிரி என் கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும். ஆனா சமையக்கட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாது."